புலவர் தண்ணீர் குடித்த இடம்

எங்கள் வீட்டில் ‘கூத்தாடி’ என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டோம். எடுத்தால் அம்மாவுக்குக் கோபம் வரும். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவார். அவர் 22 வருடம் வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். பகலில் ரப்பர் வெட்டு, கொடை என்கிற கோயில் திருவிழாக் காலம் வந்தால் இரவில் வில்லுப்பாட்டு. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளையிலிருந்து அருமனை வரை அவர் உட்கார்ந்து அடிக்காத கோயில் முற்றம் குறைவு. மண்குடத்தின் வாயில் மட்டையால் அடித்து அடித்து வலது உள்ளங்கை காய்த்துப்போயிருக்கும். சின்ன வயதில் நான் அந்தக் காய்ப்பைத் தடவிக்கொண்டே தூங்குவேன்.

அந்தச் சொல்லை 2020 ஏப்ரலில், போனில், நான் வேலை பார்த்த தனியார் பள்ளியின் கரஸ்பாண்டன்ட் வாயிலிருந்து கேட்டேன். “கூத்தாடிச்சி சொன்னதை எல்லாம் ஒரு டீச்சர் ஷேர் பண்ணலாமா?” என்றார். நான் “சரி சார், எடுத்துடுறேன் சார்” என்றேன். எடுத்தும்விட்டேன். அதைப் பற்றி எழுத இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

முதலில் அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

அப்பா இருந்த குழுவின் புலவர், அதாவது வில்லடித்துக் கதை பாடும் தலைவர், முத்துப்பட்டன் கதை பாடுவதில் பெயர் எடுத்தவர். பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், அருந்ததியர் குலத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் கல்யாணம் செய்துகொண்டு, மாடு காக்கப் போன சண்டையில் செத்துத் தெய்வமான கதை அது. 1980-களின் தொடக்கத்தில் ஒரு ஊர்க் கொடை. நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கு முன்னால் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பட்டன் மாமனார் வீட்டில் கை நனைக்கிற இடம் வந்தது. புலவர் பாட்டை நிறுத்தி வசனத்துக்கு இறங்கினார். “அந்த வீட்டுல சாப்பிட்டவன் தெய்வமானான். நாம அவனைக் கும்பிடுறோம். ஆனா இந்த ஊர் சாயாக்கடையில இன்னைக்கும் அந்தச் சனத்துக்குத் தனி கிளாஸ் தொங்குது” என்றார்.

கூட்டத்தில் சத்தமே இல்லை. கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்து வந்து வில்லுக்கு முன்னால் நின்று, “கதையைப் பாடும் வே, ஊர்க்காரியம் பேசாண்டாம்” என்றாராம். விடியும் வரை பாடி முடித்தார்கள். பேசிய சம்பளத்தில் பாதிதான் கிடைத்தது. அடுத்த வருடம் அந்த ஊரிலிருந்து அச்சாரம் வரவில்லை. பக்கத்து ஊர்கள் இரண்டிலிருந்தும் வரவில்லை. யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கூப்பிடாமல் விட்டார்கள், அவ்வளவுதான். குழுவில் ஆறு பேர். ஆறு வீட்டு அடுப்பு.

“அதுக்குப் பொறவும் புலவர் முத்துப்பட்டன் பாடினாரு மக்ளே” என்பார் அப்பா. “ஆனா அந்த இடம் வரும்போது செம்பை எடுத்துத் தண்ணி குடிப்பாரு. அவரு குடிச்சு முடியிற வரைக்கும் நான் குடத்தை மெதுவா தட்டிக்கிட்டு இருப்பேன்.”

நடிகர்கள் ஏதாவது ஒரு விஷயத்தைப் பேசி, அதற்காகக் கட்சிகள் அவர்கள் மேல் பாயும்போதெல்லாம் எனக்கு அந்தச் செம்புதான் ஞாபகம் வரும்.

2020 ஏப்ரல் எப்படி இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் அறையைவிட்டு வெளியே போக முடியாமல் கிடந்தார். எனக்குப் பள்ளியில் பாதிச் சம்பளம். அந்த நேரத்தில்தான் ஜோதிகா ஒரு விருது விழாவில் பேசிய காணொளி பரவியது. அவர் சொன்னதன் சாரம் இதுதான். தஞ்சாவூருக்குப் படப்பிடிப்புக்குப் போனபோது, பெரிய கோயிலைப் பார்க்காமல் போகக்கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள். கோயில் அவ்வளவு அழகு, அவ்வளவு நன்றாகப் பராமரிக்கிறார்கள். ஆனால் அதே ஊரில் படப்பிடிப்புக்காக ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனபோது அங்கே பார்த்ததை வாயால் சொல்ல முடியவில்லை. கோயிலுக்கு இவ்வளவு செலவு செய்கிறீர்களே, உண்டியலில் போடுகிறீர்களே, அதே மாதிரி பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் கொடுங்கள்.

நான் அந்தக் காணொளியை மூன்று முறை பார்த்தேன். கோயில் வேண்டாம் என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாளில் அது ‘பெரிய கோயிலை இழிவுபடுத்திய நடிகை’ என்று மாறிவிட்டது. தேவாலயத்தைப் பற்றிச் சொல்வாரா, மசூதியைப் பற்றிச் சொல்வாரா என்று கேட்டார்கள். வடக்கே பிறந்தவர் என்றார்கள். புருஷன் வீட்டை இழுத்தார்கள், பிள்ளைகளை இழுத்தார்கள். மருத்துவமனை எப்படி இருக்கிறது என்ற பேச்சுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

எனக்கு அந்தப் பேச்சு ஏன் உறைத்தது என்றால், 2018-ல் என் தங்கச்சிக்குப் பிரசவம் எங்கள் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையில்தான் நடந்தது. ரத்தப்போக்கு நிற்காமல் இரவு முழுக்க உயிர் ஊசலாடியது. அங்கிருந்த டாக்டரும் நர்சுகளும் சாப்பிடாமல் நின்று அவளைக் காப்பாற்றினார்கள். ஒரு பைசா செலவில்லை. அந்த ஆஸ்பத்திரியை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கண்ணால் பார்த்ததும் மறக்கவில்லை. கட்டில் போதாது, கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, துணைக்கு வந்தவர்கள் வராந்தாவில் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்திருந்தார்கள். அதே வருடம் எங்கள் குடும்பக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு அப்பா 10,000 ரூபாய் எழுதினார். எழுதியதில் தப்பில்லை. நானும் 2,000 கொடுத்தேன். ஜோதிகாவின் பேச்சைக் கேட்டபோது இந்த இரண்டும் ஒன்றாக நெஞ்சில் வந்து நின்றன. காணொளியைப் பகிர்ந்து, மேலே இரண்டு வரி எழுதினேன். இரவு பத்து மணி இருக்கும்.

காலையில் முதல் போன் மாமாவிடமிருந்து. “நம்ம கோயில் ரசீது புக்கைத் தூக்கிட்டு உங்க அப்பாதான வீடு வீடா நடந்தாரு, அவரு மக நீ இப்பிடி எழுதலாமா?” என்றார். அடுத்தது பக்கத்துத் தெருவிலிருந்து, கட்சியில் இருக்கிற ஒரு பையன். அக்கா என்றுதான் கூப்பிட்டான். “வேற யாரும் பார்க்கிறதுக்கு முன்னால எடுத்துருங்க அக்கா, நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்.” மூன்றாவது கரஸ்பாண்டன்ட். பெற்றோர் இருவர் அவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஊரடங்கு முடிந்ததும் ஆட்களைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதையும் அதே போனில் சொன்னார். இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. நான் சேர்த்துக்கொண்டேன்.

அழித்துவிட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்திருந்தேன். அப்பா வந்து என்ன என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “தண்ணி குடிச்சாச்சா மக்ளே” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த மாதமே சூர்யா ஓர் அறிக்கை விட்டார். மனைவி பேசியதில் தங்கள் குடும்பம் உறுதியாக நிற்கிறது என்றார். மனிதர்களுக்குச் செய்வது கடவுளுக்குச் செலுத்தும் காணிக்கை என்பது திருமூலர் காலத்துச் சிந்தனை என்று எடுத்துச் சொன்னார். கொஞ்ச நாளில் அந்தத் தஞ்சாவூர் மருத்துவமனை வளாகத்தைச் சுத்தம் செய்யும்போது பாம்புகள் பிடிபட்டதாகச் செய்தி வந்தது. ஆகஸ்டில் ஜோதிகா தரப்பிலிருந்து 25 லட்ச ரூபாய் அந்த மருத்துவமனைக்குப் போனது. திட்டியவர்களில் ஒருவராவது அந்தச் செய்தியின் கீழே வந்து ஒரு சொல் எழுதுவார் என்று எதிர்பார்த்தேன். நான் பார்த்த வரை யாரும் எழுதவில்லை.

பிறகு ஒருநாள் பாடம் தயாரிக்கும்போது திருமுக்கூடல் கல்வெட்டைப் பற்றிப் படித்தேன். காஞ்சிபுரத்துக்குப் பக்கம், பெருமாள் கோயில். 11-ம் நூற்றாண்டு, வீரராசேந்திர சோழன் காலம். அந்தக் கோயிலோடு சேர்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலை நடந்திருக்கிறது. ஆதுலர் சாலை என்றால் மருத்துவமனைதான். நோய் பார்க்கிறவர், அறுவை செய்கிறவர், மருந்துக்கு மூலிகை கொண்டுவருகிறவர், பணிப்பெண்கள் என்று யார் யாருக்கு எவ்வளவு நெல் என்பதுவரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோயில் வருமானத்தில் மருத்துவமனை நடத்தலாம் என்பது சோழன் கல்லில் வெட்டிய காரியம். அதை ஒரு நடிகை மேடையில் சொன்னபோது நமக்கு அந்நியமாகப் போய்விட்டது.

இதே மருத்துவமனைப் பேச்சுதான் 2017 தீபாவளிக்கு வந்த ‘மெர்சல்’ படத்திலும் வந்தது. அது எங்கள் மாவட்டத்தை வேறு விதமாகத் தொட்டது. 7 சதவீத ஜி.எஸ்.டி. வாங்கும் சிங்கப்பூரில் மருத்துவம் இலவசம், 28 சதவீதம் வரை வாங்கும் நம் நாட்டில் ஏன் இல்லை என்று விஜய் கேட்கும் வசனம். அதை நீக்கச் சொன்னவர்களில் அப்போதைய தமிழக பா.ஜ.க. தலைவர் தமிழிசை சௌந்தரராஜன், நாகர்கோவிலில் பிறந்தவர். இன்னொருவர் அப்போது எங்கள் தொகுதி எம்.பி.யாகவும் மத்திய இணை அமைச்சராகவும் இருந்த பொன். ராதாகிருஷ்ணன். இரண்டு பேரும் எங்கள் மண்ணின் ஆட்கள்.

நேர்மையாகச் சொன்னால் அந்த வசனத்தில் தப்பு இருந்தது. சிங்கப்பூரில் மருத்துவம் அப்படியே இலவசம் கிடையாது. சம்பளத்திலிருந்து கட்டாயமாகப் பிடித்து வைக்கும் சேமிப்பிலிருந்தும் கைக்காசிலிருந்தும் மக்கள் கட்டுகிறார்கள். இங்கே மருந்துக்கு 28 சதவீதமும் கிடையாது, பெரும்பாலானவற்றுக்கு அப்போது 12 சதவீதம். மருத்துவர் சங்கங்களுக்கும் அந்தப் படத்தின் மேல் வருத்தம் இருந்தது. தப்பைத் தப்பு என்று சொல்லியிருக்கலாம். சொன்னவர்களும் உண்டு. ஆனால் அது போதவில்லை. பா.ஜ.க.வின் எச். ராஜா, விஜய்யின் முழுப்பெயர் ஜோசப் விஜய் என்று வாக்காளர் அட்டையோடு எடுத்துப் போட்டார். ஜோசப் விஜய்யின் மோடி வெறுப்பு என்றார்.

அன்று நான் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். 2011 கணக்கெடுப்பின்படி எங்கள் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். என் பெரியப்பா வீட்டில் சிலுவை, எங்கள் வீட்டில் இசக்கியம்மன். கிறிஸ்மஸுக்கு அங்கிருந்து கேக் வரும், கொடைக்கு இங்கிருந்து பொங்கல் போகும். வருகைப் பதிவேட்டில் ஜோசப்பும் சேவியரும் ஜெபராஜும் சுடலைமுத்துவும் கலந்துதான் இருப்பார்கள். வரி பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் பெயரிலும் ஜோசப் உண்டு. “டீச்சர், ஜோசப்னு பேரு இருந்தா ஜி.எஸ்.டி. பத்திப் பேசக்கூடாதா?”

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. என்ன பதில் சொன்னேன் என்றால், “அதெல்லாம் ஒண்ணும் இல்ல, உட்காரு” என்றேன்.

நான் ஏன் பயந்தேன் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. 1982-ல் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தபோது அம்மாவுக்கு 19 வயது. பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் வேலியைத் தாண்ட ஒரு மாதம் யாரும் துணியவில்லை என்று சொல்வார். கேக்கும் பொங்கலும் மறுபடி வேலி தாண்ட வருடங்கள் ஆயின. பெயரை வைத்து ஆளைப் பிரிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்த்த மாவட்டம் இது. சென்னையில் ஒரு நடிகரை மடக்குவதற்காக எடுத்துப் போட்ட ஒரு பெயர், தக்கலைப் பக்கம் ஒரு வகுப்பறையின் பின்வரிசைவரை வந்துவிட்டது. விஜய் கொஞ்ச நாளில் சி. ஜோசப் விஜய் என்றே பெயர் போட்ட தாளில் எல்லோருக்கும் நன்றி சொல்லிக் கடிதம் வெளியிட்டார். படத்துக்கு எதிரான வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அவருக்கு அது முடிந்துபோன காரியம். அந்தப் பையனுக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

இதை எழுதும்போது, ஒரு கட்சியை மட்டும் திட்டுவதற்காக எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2005-ல் குஷ்பு ஒரு பத்திரிகைக்குச் சொன்ன கருத்துக்காக அவருக்கு எதிராகச் செருப்பும் துடைப்பமும் தூக்கியவர்கள், தமிழ்ப் பண்பாட்டின் பெயரால் வந்தவர்கள். திருமணத்துக்கு முன் உறவு வைத்துக்கொள்ளும் பெண்கள் நோயிலிருந்தும் கர்ப்பத்திலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும், படித்த ஆண் தன் மனைவி கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்பதுதான் அவர் சொன்னது. மேட்டூர் நீதிமன்றத்துக்கு வந்தபோது முட்டையும் தக்காளியும் வீசினார்கள். 20-க்கும் மேற்பட்ட வழக்குகள். அவருக்கு ஆதரவாகப் பேசிய சுஹாசினியையும் விடவில்லை. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அத்தனை வழக்கையும் ரத்து செய்தது. ஒழுக்கம் பற்றிய எண்ணம் ஆளுக்கு ஆள் மாறும், அதற்குக் குற்றவியல் சட்டத்தைக் கருவியாக்கக் கூடாது என்றது. அதற்குள் ஐந்து வருடம் போய்விட்டது. அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் விடுதியில் அதைப் பற்றி நாங்கள் குசுகுசுவென்றுதான் பேசுவோம். அவர் சொன்னது சரி என்று நினைத்த பெண்கள் பலர் இருந்தோம். வார்டன் காதில் விழும்படி ஒருத்தியும் சொல்லவில்லை.

2017 ஜனவரி ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது நடந்தது எனக்கு இன்னும் கஷ்டமானது. அதில் என் கையும் உண்டு. விலங்கு நல அமைப்பான பீட்டாவோடு தொடர்புபடுத்தி திரிஷாவை எல்லோரும் திட்டினார்கள். சிவகங்கை மாவட்டத்தில் அவர் படப்பிடிப்பை நிறுத்தினார்கள். ஜல்லிக்கட்டுக்கு எதிராகத் தான் பேசவே இல்லை என்று அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அவர் செத்துவிட்டதாகக் கண்ணீர் அஞ்சலிப் படம் ஒன்று சுற்றியது. அது என் போனுக்கும் வந்தது. நான் அதை இரண்டு குழுக்களுக்கு அனுப்பினேன். உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணுக்குக் கண்ணீர் அஞ்சலி. மூன்று வருடம் கழித்து என்னை மூன்று பேர் போனில் கூப்பிட்டுச் சாதாரணமாகப் பேசியதற்கே நான் நடுங்கிப்போனேன். அந்தப் பெண் அந்த வாரம் எப்படித் தூங்கியிருப்பார் என்று அப்போதுதான் யோசித்தேன்.

பெண்கள் பேசினால் வருகிற வசவு வேறு ரகம். இதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை, கீழே வரும் கருத்துகளை ஒருமுறை படித்தவர்களுக்குத் தெரியும். ஒரு பிரபல பாடலாசிரியர் மேல் 2018 அக்டோபரில் பாலியல் புகார் சொன்ன பாடகி சின்மயியை, அடுத்த மாதமே டப்பிங் சங்கம் சந்தா கட்டவில்லை என்று உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்தது. அச்சாரம் வரவில்லை என்று அப்பா சொன்னது இதைத்தான்.

பேசினால் பிரச்சினை என்பது ஒரு பக்கம். பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது இன்னொரு பக்கம். 2010 பிப்ரவரியில் அப்போதைய முதல்வர் கருணாநிதிக்குத் திரையுலகம் எடுத்த பாராட்டு விழாவில், அவர் முன்னாலேயே அஜித் எழுந்து, இப்படி விழாக்களுக்கும் போராட்டங்களுக்கும் வரச்சொல்லி எங்களை மிரட்டுகிறார்கள் என்றார். ரஜினிகாந்த் எழுந்து நின்று கைதட்டினார். அதற்குப் பிறகு அஜித்தை மன்னிப்புக் கேட்கச் சொல்லிப் பெரிய கூச்சல். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். என்னைக் கூப்பிடாதே என்று சொல்வதற்குக்கூட ஒரு நடிகருக்கு அத்தனை துணிச்சல் வேண்டியிருந்தது.

சரி, நடிகர் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட வேண்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் துப்பாக்கிச்சூடு நடந்து 13 பேர் செத்தார்கள். காயம்பட்டவர்களைப் பார்க்க மருத்துவமனைக்கு வந்த ரஜினிகாந்தைப் பார்த்து ஓர் இளைஞர் “யார் நீங்க?” என்று கேட்டார். சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்று ரஜினி சொன்னதற்குத் தென்மாவட்டம் முழுக்கக் கோபம் வந்தது. எனக்கும் வந்தது. அந்தக் கோபம் சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். கட்டிலில் கிடந்த ஒருவர் நேருக்கு நேர், முகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அவர் ரஜினியின் மகளைப் பற்றிப் பேசவில்லை.

‘ஜெய் பீம்’ விஷயத்திலும் அப்படித்தான். 2021 நவம்பரில் படம் வந்தபோது ஒரு காட்சியில் இருந்த காலண்டர் படம் தங்கள் சமூகத்தைக் குறிக்கிறது என்று வன்னியர் சங்கத்தினர் வருத்தப்பட்டார்கள். அந்தக் காலண்டரை மாற்றினார்கள். வருத்தம் சொன்னார்கள், கேட்டார்கள், திருத்தினார்கள். அதோடு நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஐந்து கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் போனது. சூர்யாவை அடித்தால் ஒரு லட்சம் என்று பா.ம.க. மாவட்ட நிர்வாகி ஒருவர் அறிவித்தார். வீட்டுக்குப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று. காவல் நிலையத்தில் அடித்தே கொல்லப்பட்ட ஓர் இருளர் மனிதரின் கதை அது. படத்தைச் சுற்றிய சண்டையில் இருளர்களைப் பற்றிய பேச்சு எங்கோ போய்விட்டது.

அதற்கு முந்தின வருடம் நீட் தேர்வுக்கு முந்தைய நாள் மட்டும் மாணவர்கள் மூன்று பேர் உயிரை விட்டபோது, இதே சூர்யா அறிக்கை விட்டார். கொரோனாவுக்குப் பயந்து காணொளியில் நீதி வழங்கும் நீதிமன்றம், மாணவர்களைப் பயமில்லாமல் போய்த் தேர்வெழுதச் சொல்கிறது என்ற ஒரு வரி அதில் இருந்தது. உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், இது நீதிமன்ற அவமதிப்பு என்று தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். ஓய்வுபெற்ற நீதிபதிகள் ஆறு பேர், வேண்டாம் என்று எழுதினார்கள். கடைசியில் நடவடிக்கை தேவையில்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த ஒரு வாரம் எங்கள் ஆசிரியர் குழுவில் நீட் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. எங்கள் பிள்ளைகளும் அந்தத் தேர்வை எழுதியவர்கள்தான். சூர்யாவே கோர்ட்டு ஏற வேண்டியிருக்குமாம், நமக்கெதுக்கு என்று ஓய்வறையில் பேசிக்கொண்டோம்.

நான் சொல்ல நினைப்பது இதுதான். சூர்யாவுக்குப் போலீஸ் காவல் வரும், வக்கீல் வருவார், அடுத்த படமும் வரும். இந்த அடி அவர் மேல் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற பள்ளி ஆசிரியைக்கும் அங்கன்வாடி அக்காவுக்கும் கல்லூரிப் பெண்ணுக்கும் அப்படி எதுவும் கிடையாது. அவர்கள் எழுத நினைத்ததை எழுதாமல் போனைக் கவிழ்த்து வைக்கிறார்கள். எத்தனை பேர் கவிழ்த்து வைத்தார்கள் என்று எந்தச் செய்தியிலும் வராது.

மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் பாதிப் பேர் மலையாளப் படம் பார்க்கிறவர்கள். கேரளத்தில் இதெல்லாம் நடக்காது, அங்கே படித்தவர்கள் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. 2017 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் மம்மூட்டியின் ஒரு படத்தில் பெண்களை இழிவாகக் காட்டியிருப்பதைப் பார்வதி திருவோத்து சொன்னார். அதற்கு ரசிகர்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பேச்சை நான் விட்டுவிட்டேன். 2025 மார்ச்சில் ‘எம்புரான்’ வந்தது. குஜராத் கலவரக் காட்சிகளுக்காகக் கிளம்பிய எதிர்ப்பில் மோகன்லாலே வருத்தம் தெரிவித்தார், படத்தை வெட்டி மறுபடி வெளியிட்டார்கள். முதல் வாரம் பார்த்தவர்களும் அடுத்த வாரம் பார்த்தவர்களும் வேறு வேறு படம் பார்த்தார்கள்.

நடிகருக்கு இது எதுக்கு என்று கேட்பதுதான் எனக்கு விளங்கவே மாட்டேன் என்கிறது. அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜானகி, ஜெயலலிதா என்று சினிமாவிலிருந்து முதல்வர்களைக் கண்ட மாநிலம். ஓட்டு கேட்க வரும்போது நடிகர் தலைவர். ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினால் கூத்தாடி.

நாகர்கோவில் போகும்போது மணிமேடையில் கலைவாணர் சிலையை அப்பா ஒருமுறை நின்று பார்க்காமல் வரமாட்டார். என்.எஸ். கிருஷ்ணன் 1908-ல் ஒழுகினசேரியில் பிறந்தவர். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாடகக் கொட்டகையில் சோடாவும் கடலைமிட்டாயும் விற்ற பையன், வில்லுப்பாட்டுப் பாடித்தான் கலைக்குள் வந்தார். அதனால் அப்பாவுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. நந்தனார் கதை போலவே அவர் கிந்தனார் கதை செய்தார். சேரிப் பையன் கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக ஊருக்குத் திரும்பி வருகிறான். 1940-களில், இந்த மண்ணில் பிறந்த ஒருவர், கதாகாலட்சேபம் மாதிரியே உட்கார்ந்து, சனங்களைச் சிரிக்கவைத்துக்கொண்டே அதைச் சொன்னார். எம்.ஆர். ராதாவின் நாடகங்களைத் தடுக்க 1954-ல் சட்டமே வந்தது, அவர் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. இவர்களையெல்லாம் கூத்தாடி என்றுதான் அன்றும் சொன்னார்கள். சொன்னவர்கள் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை என்பார் அப்பா.

அப்பாவுக்கு இப்போது 74. கை நடுங்குகிறது, குடத்தை விட்டு நாளாகிறது. போன மாதம் ஒரு சாயங்காலம், புலவர் அன்றைக்கு அந்தக் கொடையில் சொன்ன வசனத்தை அப்படியே ஒருமுறை சொல்லுங்கள் என்று கேட்டேன். சொன்னார். மேலே எழுதியிருப்பது அவர் சொன்னபடிதான். சொல்லிவிட்டு, “நீ அன்னைக்கு என்ன எழுதின, எனக்குக் காட்டவே இல்லையே” என்று கேட்டார்.

அழித்துவிட்டேன் என்றேன். “ஞாபகம் இருக்கும்ல” என்றார்.

இருக்கிறது. நான் இப்போது அந்தப் பள்ளியில் இல்லை. ஆனால் இன்னும் ஆசிரியைதான், இன்னும் பயம் உண்டு. 2020 ஏப்ரலில் ஒரே ஓர் இரவு மட்டும் என் பக்கத்தில் இருந்த அந்த இரண்டு வரி இது:

“என் தங்கச்சி பிழைத்து வந்த ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் இரண்டு தாய்மார்கள், இரண்டு கைக்குழந்தைகளோடு படுத்திருந்தார்கள். ஜோதிகா சொல்வது சரி, நம் கோயிலுக்குக் கொடுத்த அதே கையால் அந்தக் கட்டிலுக்கும் கொடுப்போம்.”